பனியில் போட்ட சாக்கு

1. கருவாட்டு வாசம்

காபிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் ஹவுஸில் எனக்கு முதல் நாள் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை உள்ளேயே விடவில்லை. வாசலில் நின்ற சடையன் மேஸ்திரி என்னைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"ஏங்கண்ணு, நேத்து ஊட்ல கருவாடா?"

"ஆமாங்க."

"திரும்பிப் போயி கையச் சீயக்கா போட்டுக் கழுவிட்டு நாளைக்கு வா. சோப்பு வேண்டாம், அதுவும் வாசந்தான். தலைக்கு எண்ண வைக்காத. பூவும் வைக்காத."

காபிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். இது அன்று எனக்குத் தெரியாது. ஒரு கருவாட்டுக்காக வேலையை விட்டுத் திருப்பி அனுப்புகிறாரே, இவருக்கு என்ன கொழுப்பு என்று திட்டிக்கொண்டே எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுத்த லைன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றபோதுதான் உள்ளே விட்டார். காரணத்தையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். மற்ற பெண்கள் சாயங்காலம் பழத்தை எடை போட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் பல்பர் ஹவுஸ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நிற்பேன். மெஷினுக்குள் போகிற சிவப்புப் பழம், தோல் ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக வருவதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது. தினமும் இப்படித் தொங்குகிறவளை உள்ளேயே போட்டுவிடலாம் என்று கணக்கு எழுதுகிற ரைட்டர் நினைத்திருக்க வேண்டும். களத்தில் கொட்டை காயவைக்கிற வேலை கொடுத்தார்.

2. தொட்டிக்குள் கை

இப்போது எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டதால் இளையவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் உரித்த கொட்டையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு இருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. தொட்டியில் கொட்டி வைத்தால் அதுவாகப் புளித்து விட்டுப்போகும். அதற்கப்புறம் கழுவிக் களத்தில் காயவைப்போம். அப்படிக் காய்ந்ததுதான் பார்ச்மெண்ட்.

அவசரப்பட்டுக் கழுவினால் கொழகொழப்பு ஒட்டிக்கொண்டு கொட்டை கறைபடும். தாமதித்தால் காபியில் புளித்த நாற்றம் ஏறிவிடும். வெயில் அடித்தால் ஒரு நாள், குளிர்ந்தால் ஒன்றரை நாள், மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்க்க வேண்டும். ஆற்று மணலைப் பிசைந்த மாதிரி கரகரத்தால் ஆயிற்று என்று அர்த்தம்.

பக்குவம் தெரிந்த அந்தக் கை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பல்பர் மேஸ்திரி ஆக வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் களத்தில் துழாவலாம், கல் பொறுக்கலாம். தொட்டியில் கை வைக்கிற வழக்கம் இல்லை. ஏன் என்று கேட்டால் வழக்கம் இல்லை என்பதுதான் பதில்.

சடையன் மேஸ்திரி மஞ்சக்குட்டை ஊர்க்காரர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் சாமியின் மேல் அப்படி ஒரு பக்தி. அவர் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. தொழில் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற ஆள். நானாக ஒரு நோட்டு போட்டேன். என்றைக்குத் தொட்டியில் கொட்டினார்கள், மேகமா வெயிலா, எப்போது கழுவினார்கள் என்று எழுதி வைப்பேன். முதலில் என் கணக்கை எழுதிவிட்டு, அப்புறம் மேஸ்திரி எப்போது கழுவச் சொல்கிறார் என்று பார்ப்பேன். பாதிக்குப் பாதி தப்பும்.

இரண்டாவது சீசனில் ஒரு நாள் அவராகவே கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வா. ஒரு பிடி அள்ளி என்ற காதுகிட்ட பெசஞ்சு காட்டு."

பிசைந்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னும் நேரமாகும். உனக்கு என்ன தோணுது?"

"ஆகலீங்க. வழுக்குது."

"ம். போ."

அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மேஸ்திரிகள் பக்குவத்தைக் காதால்தான் பார்ப்பார்கள், இதுதான் மடியில் கட்டி வைத்திருந்த ரகசியம் என்று முடிவு கட்டினேன். அப்புறம் நானும் ஒவ்வொரு பிடியையும் காதோரம் வைத்துப் பிசைந்து கேட்கப் பழகினேன்.

3. அண்ணன் கொண்டுவந்த வேலை

அந்த சீசனின் நடுவில் அண்ணன் ஜேக்கப் வந்தார். ஏற்காடு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை அவருக்கு. அம்மா அப்பா இல்லாத எனக்கு அண்ணன்தான் எல்லாம்.

"பாப்பா, எங்க ஸ்கூல் ஆஸ்டல்ல ஆயா வேல காலியா இருக்குது. பர்மனென்ட். தங்க ரூம் தர்றாங்க. உன்னப் பத்திச் சொல்லி வெச்சிருக்கறேன். திங்கக்கெழம பதில் சொல்லோணும்."

"நான் இங்கயே இருக்கறனே அண்ணா."

"இங்க பல்பர் ஓடறது மூணு மாசம். மிச்ச நாளெல்லாம் வெயில்லயும் மழையிலயும் காட்டுலதான் கெடக்கோணும். எத்தன வருசத்துக்கு?"

மேஸ்திரி ஆகப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். அண்ணன் பக்திமான். உடனே தலையாட்டினார்.

"கேளு. ஆனா திங்கக்கெழமைக்குள்ள கேட்ரு."

கேட்டேன். உண்மையாகவே முழங்காலில் நின்று கேட்டேன். 'இரு' என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. சிக்கல் என்னவென்றால், அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. கடவுள் பேசுவதற்கும் நம் ஆசை பேசுவதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் வேதக்கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'தேவ சித்தம்', 'தேவ சித்தம்' என்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் யார் வந்து சொன்னது? எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் கேட்ட ஒரு கதை அப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒருவர் ஆட்டு ரோமத்தைக் களத்தில் போட்டு வைத்து, பனியை வைத்துக் கடவுளிடம் அடையாளம் கேட்டார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆட்டு ரோமத்துக்கு நான் எங்கே போவேன். ஆனால் எங்களிடம் களம் இருந்தது, மார்கழிப் பனி இருந்தது, சாக்கு இருந்தது.

4. அடிப்பக்கம்

சாக்கைப் பனியில் விடுவது பல்பர் ஹவுஸில் பெரிய குற்றம். ஈரச் சாக்கு பூஞ்சை பிடிக்கும், அந்த வாசம் காபியில் ஏறும். அதனால் கிழிந்து ஒதுக்கிய ஒரு பழஞ்சாக்கை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்ச்மெண்டைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு எல்லாரும் போனார்கள். நான் சாக்கைக் களத்தின் நடுவில் விரித்தேன். யாரும் இல்லை என்ற தைரியத்தில் வாய்விட்டே ஜெபம் பண்ணினேன்.

"ஆண்டவரே, காலையில தரையெல்லாம் நனைஞ்சு இந்தச் சாக்கு மட்டும் காஞ்சு கெடந்தா நான் இங்கயே இருந்துக்கறனுங்க. சாக்கும் நனைஞ்சிருந்தா மறுபேச்சுப் பேசாம ஸ்கூலுக்குப் போயிடறனுங்க."

நடக்காத காரியத்தை என் ஆசையின் பக்கம் வைத்தேன். அதனால் நேர்மையாகத்தான் கேட்டேன் என்று இன்றும் சொல்வேன். தப்பு மறுநாள் காலையில் நடந்தது.

விடிந்ததும் ஓடினேன். சிமெண்ட் களம் முழுக்க நனைந்து பளபளத்தது. சாக்கின் மேல் கையை வைத்தேன். காய்ந்திருந்தது. மறுபடி வைத்தேன். மொறமொறப்பாகக் காய்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு சாக்கைத் தூக்கினேன். அடிப்பக்கம் சில்லென்று ஈரம். சாக்கு கிடந்த இடத்திலும் தரை மற்ற இடங்களைப் போலவே நனைந்திருந்தது.

பழம் உரிவதை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தவள் நான். கருவாட்டுக்குக் காரணம் கேட்டவள். தொட்டிக்கு நோட்டுப் போட்டவள். அன்று காலையில் மட்டும் எதையும் கேட்கவில்லை. ஈரப்பக்கம் உள்ளே போகும்படி சாக்கை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று கோயில் ஆராதனை முடிந்ததும் அண்ணனிடம் சொன்னேன். சாக்கு காய்ந்திருந்ததைச் சொன்னேன், அடிப்பக்கத்தைச் சொல்லவில்லை. அவர் முகம் வாடியது. ஆனாலும், "கர்த்தர் சொன்னதுக்கப்பறம் நான் யாரு" என்றார். திங்கட்கிழமை அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

5. மூன்று காலைகள்

ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வாரம் அரிக்க ஆரம்பித்தது. என் குணம் அப்படி. அதே சாக்கை அதே இடத்தில் மறுபடி விரித்தேன், மூன்று சாயங்காலம், ஜெபம் பண்ணாமல். மூன்று காலையும் மேல்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடிப்பக்கமும் அதன் கீழே இருந்த தரையும் காய்ந்திருந்தன.

அதாவது என் அடையாளம் நேர் தலைகீழாக இருந்திருக்கிறது. தரை நனைந்ததற்குப் பிறகுதான் யாரோ காய்ந்த சாக்கைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

யார் என்று கேட்கவும் முடியவில்லை. கேட்டால் சாக்கைப் பனியில் விட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, கடவுள் பெயரைச் சொல்லி அண்ணனை ஏமாற்றிவிட்டேன் என்பது நெஞ்சில் முள்ளாக நின்றது. பள்ளிக்கூட வேலையும் போய்விட்டது. இங்கே இருக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது.

6. மேகம் இறங்கிய நாள்

தை மாதத்தில் மேகம் இறங்கி நான்கு நாள் நகரவே இல்லை. பத்தடியில் நிற்கிறவர் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சடையன் மேஸ்திரி சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். முட்டி வலி என்றார். போகும்போது, "தொட்டியப் பாத்துக்க கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். தமிழர்தான், ஆனாலும் எஸ்டேட் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் தொரை.

"எஸ்தர், ஒன்றரை நாள் ஆச்சு. தொட்டியக் கழுவச் சொல்லு. சாயங்காலம் பழம் நிறைய வருது, தொட்டி காலியாகணும்."

கையை விட்டு அள்ளினேன். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. காதில் வைத்துப் பிசைந்தேன். சத்தமே இல்லை.

"ஆகலீங்க."

"மேஸ்திரி எப்பவும் இந்நேரத்துக்குக் கழுவிடுவாரே."

"மேகம் இறங்கியிருக்குதுங்க. இன்னும் நேரமாகுமுங்க."

"நீ என்ன மேஸ்திரியா?"

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு சீசனாகக் காத்திருந்தேன், அது இப்படியா வரும். உள்ளுக்குள் ஆண்டவரே, ஆண்டவரே என்றேன். ஒரு குரலும் வரவில்லை, என் குரல்கூட வரவில்லை. சாக்கு விரித்துப் பார்க்க நேரமும் இல்லை. கையில் இருந்த ஒரு பிடிக் கொட்டைதான் இருந்தது, அது ஆகவில்லை.

"மேஸ்திரி இல்லீங்க. ஆனா ஆகலீங்க."

"புளிச்சுப் போச்சுன்னா?"

"நான் நாளையிலிருந்து வரலீங்க."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "எழுதிக் குடுத்த மாதிரி பேசற" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மத்தியானம் வரை அரை மணிக்கு ஒரு தடவை கையை விட்டேன். தண்ணீரின் குளிரில் விரல் விறைத்தது. மூன்று மணிக்குப் பழம் வந்து வாசலில் குவிந்தது. நாலரைக்கு ஒரு பிடியைக் காதில் வைத்துப் பிசைந்தபோது லேசாகக் கரகரத்தது. அப்போதும் நம்பாமல், பக்கத்தில் நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டுப் பிசையச் சொல்லிக் கேட்டேன். ஐந்து மணிக்குத் தண்ணீரைத் திறக்கச் சொன்னேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. தொட்டி காலியாகும் முன் குவிந்த பழத்தில் ஒரு பகுதி சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிட்டது. அதைத் தோலோடு காயப்போட வேண்டியதாயிற்று, அதற்கு விலை குறைவு. தொரை அதற்காக என்னை எல்லார் முன்னாலும் திட்டினார். வெளியே அனுப்பிய தொட்டிக் காபி சாம்பிளைச் சுவை பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்தபோது தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த சீசன் ஆட்களின் பெயர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் என் பெயரைக் களத்துப் பக்கத்திலிருந்து எடுத்துப் பல்பர் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

7. சிவப்புப் பூ

ஆஸ்பத்திரியிலிருந்து மேஸ்திரி வந்ததும் அன்றைய தொட்டியைக் காட்டினேன். வழக்கம்போலக் காதை நீட்டினார்.

"ஏனுங்க, நீங்க கைய விட்டே பாக்க மாட்டீங்களா?"

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"மரத்துப் போச்சு கண்ணு. சூடும் தெரியல, குளிரும் தெரியல. வழுக்குதா கரகரக்குதான்னு எங்க தெரியும். நாலு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமாப் போயி, இந்த சீசன்ல சுத்தமாப் போயிருச்சு. டாக்டரு இனி சரியாவாதுன்னுட்டாரு."

ரகசியம் அதுதான். காதால் பார்ப்பது பெரிய மேஸ்திரிகளின் வித்தை இல்லை, விரலில் உணர்வு போன ஒரு மனிதர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வழி.

"இன்னொண்ணும் சொல்லோணும்" என்றார். "அன்னைக்கு உம்பட சாக்க நாந்தான் எடுத்து உள்ள வெச்சேன். வெடியால கொண்டாந்து போட்டேன். எனக்கு மஞ்சக்குட்ட பஸ் வரல. இங்கயே படுத்துக்கலாம்னு திரும்பி வந்தா நீ சத்தமா சாமி கும்பிட்டுட்டு இருந்த."

ஒரு மாதமாக உள்ளே கிடந்த முள் கோபமாக வெளியே வந்தது.

"நான் எங்க ஆண்டவர்கிட்ட கேட்டதுங்க அது. அதுல நீங்க எதுக்குங்க கைய வெச்சீங்க?"

"நீ போயிட்டீன்னா எனக்கு வேல போயிரும் சாமி. நொம்ப பயந்துட்டேன். அப்பவும் சும்மா செய்யல. சேர்வராயன்கிட்ட பூக் கேட்டேன்."

பூக் கேட்பது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு, சாமியை நினைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"என்ன பூ வந்துச்சுங்க?"

"செவப்பு."

"அப்பறமுங்க?"

"மறுக்காவும் கேட்டேன். செவப்பு."

"அப்பறம்?"

"அப்பறம் கேக்கல."

"கேக்காமயே சாக்க எடுத்துட்டீங்க."

"ஆமா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடிப்பக்கம் ஈரமா இருந்துருக்குமே. உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க" என்றேன்.

அவர் சாமி அவருக்குச் சொன்னதை அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் பார்க்கவில்லை. இதில் யார் யாரைத் திட்டுவது.

8. கடைசியாக

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நன்றாகத் திட்டினார். "உம்பட ஆசைய ஆசைன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? அதுக்கு எதுக்குக் கர்த்தரச் சாட்சிக்கு இழுத்த?" என்றார். பிறகு சோறு போட்டார்.

அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். சடையன் மேஸ்திரியின் விரல் விஷயத்தை அவர் வேலையிலிருந்து நிற்கிற வரை நான் வெளியே விடவில்லை. அவருக்குப் பிறகு என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளில் மெஷின் வந்த பிறகும் ஒரு பிடியைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை.

வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆசை இருந்தால் கடவுளிடம் சொல்லுங்கள், வழி கேளுங்கள். பதில் வந்தால் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பதிலாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். அடையாளம் எதுவும் வராத நாளில் கையில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள். மேகம் இறங்கிய அன்று காலையில் எனக்கு ஒரு பதிலும் வரவில்லை, ஆனால் அன்றுதான் நான் தனியாக நிற்கவில்லை என்று நம்புகிறேன். எப்படி என்று விளக்கத் தெரியாது.

கடவுள் என்னை அங்கே இருக்கச் சொன்னாரா இல்லையா என்று அண்ணன் கடைசி வரை கேலியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அது தெரிந்தாக வேண்டும். அந்தச் சனிக்கிழமை மட்டும் பஸ் வந்திருந்தால் மேஸ்திரி ஊருக்குப் போயிருப்பார், சாக்கு நனைந்திருக்கும், நான் ஆஸ்டல் ஆயாவாகியிருப்பேன். அதனால் அந்த பஸ் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, அன்று ஏன் வரவில்லை என்று கேட்டேன். வழியில் ஆணி ஏறி டயர் பங்சர் ஆகிவிட்டது என்றார்.

ஆணியை அங்கே யார் போட்டது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார்.